முதல் மூட்டை நகுலேஸ்வரியுடையது

கருங்கால்பட்டு மாவு மில்லின் தகரக் கதவில் சாக்கட்டியால் மூன்று வரி எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதை முதலில் படித்தவள் நகுலேஸ்வரி.

"முகாம் ஆட்களுக்கு செவ்வாய்க்கிழமை மாலை 3 முதல் 5 வரை மட்டும் அரைத்துத் தரப்படும். மற்ற நாட்களில் வர வேண்டாம். இப்படிக்கு நிர்வாகம்."

நிர்வாகம் என்றால் பத்துப் பேர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். வெங்கடேசன் ஒருத்தன்தான் நிர்வாகம். மிஷினை ஓட்டுகிறவனும் அவன்தான், மாவைத் தட்டிக் கொடுக்கிறவனும் அவன்தான், கரெண்டு போனால் வானத்தைப் பார்த்துத் திட்டுகிறவனும் அவன்தான். நேரே சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு ஒரு சாக்கட்டித் துண்டு கிடைத்தால் நிர்வாகமாகிவிடுகிறான்.

நகுலேஸ்வரியின் இடுப்பில் ஒரு துணி மூட்டை இருந்தது. மூன்று கிலோ பச்சரிசி. விடியற்காலையில் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் உலர்த்தி, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற ஈரத்தோடு கட்டி எடுத்து வந்தது. அந்த ஈரத்துக்கு நாள் கிழமை எல்லாம் தெரியாது. மத்தியானத்துக்குள் அரைபடாவிட்டால் புளித்த வாடை வந்துவிடும். செவ்வாய்க்கிழமை வரை வைத்திருந்தால் மாடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். திங்கட்கிழமை அவளுடைய அம்மாவின் ஆட்டத்திதி, அதாவது வருஷத் திதி. அதற்கு அரியதரம் சுட வேண்டும். நம் பக்கத்து அதிரசத்துக்குத்தான் இலங்கையில் அவர்கள் ஊரில் அரியதரம் என்று பேர். மாவைப் பாகில் கிளறி ஒருநாளாவது ஊறவிட வேண்டும், ஆகவே இன்றைக்கே அரைத்தாக வேண்டும். அம்மா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம்கூட அரியதரம் தவறியதில்லை.

"தம்பி, இது நீ எழுதினதோ?" என்றாள்.

வெங்கடேசன் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "ஆமாக்கா. செவ்வாக்கெழம சாயந்தரமா வந்துடு."

"ஈர அரிசி தம்பி."

"அதுக்கு நான் இன்னா பண்றது? நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. ஏவாரம் பண்றவன் எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் போவணும்."

"எந்த நாலு பேர்?"

வெங்கடேசன் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். மூடி அவன் கையில்தான் இருந்தது.

நகுலேஸ்வரி உள்ளே போனாள். மூட்டைகள் வைக்கிற சிமெண்டு மேடையில் முதல் இடத்தில் தன் மூட்டையை வைத்தாள். எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் போகமாட்டன்," என்றாள்.

அந்த மேடைக்கு ஒரு சட்டம் உண்டு. வெங்கடேசனின் அப்பா பஞ்சாட்சரம் போட்ட சட்டம். மூட்டைதான் வரிசை. ஆள் வீட்டுக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வரலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம். மூட்டை நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் மூட்டையை ஒருத்தரும் தொடக்கூடாது, தொட்டு நகர்த்தினால் நகர்த்தினவர் மூட்டை ரோட்டுக்குப் போகும். ஒரு தீபாவளிச் சமயத்தில் பஞ்சாட்சரத்தின் சொந்த மச்சானே அவசரம் என்று ஒரு மூட்டையைத் தள்ளி வைத்தார். அவருடைய உளுந்து மூட்டை பஸ் நிறுத்தத்தில் போய் விழுந்தது. மாமனார் வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. சட்டம் அப்படியே நின்றது.

நகுலேஸ்வரிக்கு அந்த மேடையும் பெஞ்சும் என்ன என்று தெரிய வேண்டுமானால், தொண்ணூறாம் வருஷத்துக்குப் போக வேண்டும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பூநகரியிலிருந்து நடந்து, படகேறி, மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் கொண்டுவந்து இந்தப் பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கில் அறுபது குடும்பத்தை இறக்கினார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவே சேலைதான் சுவர். மாதம் இரண்டு தடவை பேர் வாசிப்பார்கள். வாசிக்கும்போது ஆள் நிற்க வேண்டும். முகாமுக்கென்று தனிக் குழாய் போட்டார்கள், தனியாக அரிசி கொடுத்தார்கள், எல்லாம் நல்ல எண்ணத்தோடுதான். அதன் பலன், எதிரே இருக்கிற ஊருக்குள் போக ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. ஊர்க்காரர்களும் சாலையில் போகிறபோது கிடங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

மாவு அரைக்க மட்டும் முகாமில் இடம் இல்லை. புட்டு இல்லாமல் இருக்கத் தெரியாத சனம். ஆகவே மில்லுக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

நகுலேஸ்வரி முதல்முதலாக வந்த நாளை இந்த ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சல், இவளைத் தனியாக அனுப்பியிருந்தாள். பெஞ்சு நிறையப் பெண்கள். பஞ்சாட்சரம் இவளுடைய மாவை அள்ளிப் பையில் போட்டார். பை சிறியது. யாருடைய மாவோ மிஷினில் தங்கியிருந்ததையும் சேர்த்துத் தட்டித் தட்டிப் போட்டார், பாவம், தாராள மனசு. பை நிறைந்து வழியப் போவதைப் பார்த்து இவள் கத்தினாள்.

"காணும்! காணும்!"

அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி தாலியைத் தொட்டுப் பார்த்தாள், ஒருத்தி மூக்குத்தியைத் தொட்டாள், ஒருத்தி சுருக்குப் பையை அவிழ்த்தாள். யாரோ போய்க் கதவைச் சாத்தினார்கள். பஞ்சாட்சரம் மிஷினை நிறுத்தினார். "இன்னாம்மா காணோம்? சங்கிலியா? கொலுசா? எங்க வெச்ச?" என்று கேட்டார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நல்ல மனிதர்கள், போதும் என்று சொன்னதற்கு ஏன் கதவைச் சாத்துகிறார்கள்? "ஐயோ, காணும் ஐயா, காணும்!" என்று அழுதாள். அவள் அழ அழ ஊர் தேடியது. பெஞ்சைக் கவிழ்த்தார்கள். தவிட்டு மூட்டையை உதறினார்கள். இருபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி மிஷினுக்கு அடியில் படுத்து, தலையெல்லாம் மாவாக எழுந்து வந்தாள். வந்தவள் இவள் கை அந்தப் பையையே காட்டுவதைப் பார்த்தாள்.

"அடச்சீ! போதும்னு சொல்லுது இந்தப் பொண்ணு! நாம பொணம் தேடற மாதிரி தேடிக்கினு கீறோம்!"

அவள்தான் எல்லம்மாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அந்த மில்லுக்குள் நகுலேஸ்வரிக்கு ஒரு இடம் கிடைத்தது. அதற்கப்புறம் எந்த வீட்டில் சோறு பரிமாறினாலும் கருங்கால்பட்டில் ஒரு தடவையாவது "காணும் காணும்" என்று சொல்லாமல் பந்தி முடியாது. முகாம் ஆள் ஒருவரும் இல்லாத பந்தியிலும்தான்.

இதை அடைக்கலம், ஆதரவு என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்கள். நகுலேஸ்வரிக்கு அந்தச் சொற்களைக் கேட்டாலே எரிச்சல். யாரும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆதரிக்கவில்லை. ஒரு பெஞ்சு இருந்தது. காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கிற இரண்டு பெண்கள் எத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்? ஆண்களுக்கு டீக்கடை உண்டு, ஏரி மதகு உண்டு, கோயில் மரத்தடி உண்டு. இந்த ஊரில் ஒரு பெண் ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமானால் மேடையில் ஒரு மூட்டை இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க யாரைப் பார்ப்பது என்பது அங்கேதான் தெரிந்தது. அவளுக்குப் பிரசவ வலி கண்ட அடைமழை நாளில் டிராக்டர் வந்தது அங்கே பழகின பழக்கத்தில்தான். அம்மா செத்தபோது முகாம்காரர்களுக்குச் சுடுகாடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. மில் பெஞ்சிலிருந்து ஏழு பெண்கள் எழுந்து போய் ஊர்ப் பெரியவர்களிடம் சண்டை போட்டார்கள். அம்மா ஊர்ச் சுடுகாட்டிலேயே எரிந்தாள்.

வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவளும் அல்ல அவள். அரிசியை வறுத்து அரைத்தால் மாவு மாதக் கணக்கில் கெடாது என்று அந்தப் பெஞ்சில்தான் சொல்லிக் கொடுத்தாள். மிளகாயையும் மல்லியையும் சீரகத்தையும் கறுக்க வறுத்து அரைக்கிற தூளையும் சொல்லிக் கொடுத்தாள். இப்போது பெருநகர் போகிற பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் கருங்கால்பட்டு வருவதற்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும்.

அந்தத் தூள்தான் இந்த வம்புக்கெல்லாம் காரணம் என்பது ஒன்பது மணிக்கு அம்முலு வந்த பிறகுதான் தெரிந்தது.

அம்முலு கேழ்வரகு மூட்டையோடு வந்தாள். கதவில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு பெஞ்சில் நகுலேஸ்வரி பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்.

"பெரிய வூட்டம்மா வேலக்கா இது. போன வாரம் அவங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் இல்ல? இங்க மாவு அரைச்சிக்கினு போயி அதிரசம் சுட்டாங்களாம். மாப்ள வூட்டுக்காரங்க வாயில வெச்சதும் ஆ ஊன்னு கத்தறாங்களாம். அதிரசத்துல மொளகா! சம்பந்தியம்மாவுக்குக் கண்ணு ரெண்டும் செவந்து போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சாங்களாம். முகாம்காரங்க தூளு அரைச்ச மிஷின்ல அரைச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு அவங்க இவன்கிட்ட வந்து குதிச்சிட்டாங்க."

பெரிய வீட்டம்மா என்றால் ஞானசுந்தரி. ஏரிக்குக் கீழே பாதி நிலம் அவர்கள் வீட்டுடையது.

நகுலேஸ்வரிக்குச் சொல்வதற்கு இருந்தது, அதுதான் கஷ்டம். போன வாரம் புதன்கிழமை ஞானசுந்தரியின் அரிசிக்கு முன்னால் மிஷினில் போன தூள் யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முகாமில் அந்த வாரம் ஒருவரும் தூள் அரைக்கவில்லை. அது எல்லம்மாளின் தூள். எல்லம்மாள் வீட்டு அடுப்பில், எல்லம்மாளின் மிளகாயை, நகுலேஸ்வரியே பக்கத்தில் நின்று வறுத்துக் கொடுத்தது. எல்லம்மாள் உழுகிற முக்கால் ஏக்கரோ ஞானசுந்தரி வீட்டுக் குத்தகை. ஒரு வார்த்தை சொன்னால் பழி இறங்கிவிடும், நேரே எல்லம்மாள் தலையில் போய் இறங்கும். தன் அரிசி புளித்தாலும் புளிக்கட்டும், அந்தப் பேர் தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, கேவுரு மூட்டைய குடு, அரைக்கறேன்," என்றான் வெங்கடேசன் அம்முலுவிடம்.

அம்முலு மேடையைக் காட்டினாள். "முன்னாடி ஒரு மூட்டை கீதே."

"அது இன்னிக்கு இல்ல."

"இன்னிக்கு இல்லன்னா அது ஏன் இங்க கீது? உங்கப்பா சொன்னது இன்னா? மூட்டைதான் வரிசை. அக்கா மூட்டைய தாண்டி என் மூட்டைய நான் வைக்கமாட்டேன்பா. எங்க வூட்டுல ஒன்னும் பசியில துடிச்சிக்கினு இல்ல."

வெங்கடேசனால் அந்த மூட்டையை எடுத்துக் கீழே வைக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். இரண்டு கை இருக்கிறது. ஆனால் சுவரில் மாலையோடு பஞ்சாட்சரம் படமாக மாட்டியிருந்தார். அவன் இரண்டு தடவை மேடை வரை வந்தான், இரண்டு தடவையும் திரும்பிப் போனான்.

ஒன்பதரைக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பத்து மணிக்கு ஆறு மூட்டை ஆயிற்று. வந்தவர்கள் கதவைப் படித்தார்கள், அம்முலு சொன்ன கதையைக் கேட்டார்கள், அதிரசத்துக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார்கள், மூட்டையைப் பின்னால் வைத்தார்கள். யாரும் புரட்சி பண்ண வரவில்லை. ஒருத்தி, "எனக்கு வேலை கெடக்கு, இது இன்னா பேஜாரு," என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே அவளும் பின்னால்தான் வைத்தாள். மிஷின் கம்மென்று நின்றது. மில்லுக்குள் அவ்வளவு அமைதியை அந்தப் பெண்கள் கேட்டதே இல்லை.

நகுலேஸ்வரி எழுந்து போய் மூட்டையை முகர்ந்து பார்த்தாள். இன்னும் வாடை வரவில்லை. அடியில் துணி கொஞ்சம் சூடாகியிருந்தது.

வெங்கடேசனும் அதைப் பார்த்தான். கல்நெஞ்சன் இல்லை அவன், முதுகெலும்பு கொஞ்சம் வளைந்தவன், அவ்வளவுதான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "யக்கா, உனுக்கு மட்டும் அரைச்சித் தரேன். நீ பழகின ஆளு, எங்கப்பா காலத்துலேர்ந்து வர்ற. மத்தவங்க செவ்வாக்கெழம வரட்டும். வெளில சொல்லிக்காத."

நகுலேஸ்வரிக்குத் தலையாட்டிவிடலாம் என்று ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. அம்மாவின் படமும், அதன் முன்னால் வாழையிலையில் வைக்கிற அரியதரமும் கண்ணில் நின்றன. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிற வேலை. பிறகு முகாமில் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி செவ்வாய்க்கிழமை மாலை தன்னந்தனியாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. எதிரே ஒரு ஊர்க்காரி இருக்கமாட்டாள். மழை பெய்தால் டிராக்டருக்கு யாரைக் கேட்பாள்?

"எனக்கு மட்டும் எண்டால் வேண்டாம்," என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் முப்பத்தைந்து வருஷமும் உதிர்ந்துபோய்ப் பூநகரி வந்துவிடும். "முதல்ல கதவில எழுதினதை அழி. பேந்து அரை."

"இன்னாக்கா நீ, நல்லதுக்குச் சொன்னா..."

"நல்லதுக்குத்தான் எங்களைக் கிடங்கில வைச்சவை. நல்லதுக்குத்தான் தனிக் குழாய் போட்டவை. உந்த நல்லதெல்லாம் எனக்குக் காணும் தம்பி."

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வெங்கடேசனுக்கு முகம் சுருங்கியது. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப் புழுக்கை ஏன் காயுதுன்னு கேக்கறேன். நீ கேட்ட சரி, இவங்களும் ஏன் குந்திகினு கீறாங்க?" என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"யாரைடா எலிப் புழுக்கைன்ற?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

எல்லம்மாள் வந்திருந்தாள். அறுபது வயது, குட்டையான கனத்த உடம்பு, குரல் மட்டும் மிஷினையும் தாண்டிக் கேட்கும். தலையில் நெல் மூட்டை மாதிரி கோதுமையை வைத்திருந்தாள். கதவைப் படிக்கவில்லை, அவளுக்குப் படிக்கத் தெரியாது. அம்முலு மறுபடி முழுக் கதையையும் சொன்னாள். நகுலேஸ்வரி எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீ ஒண்டும் கதைக்காத. பேசாம இரு. இது என்ர சண்டை."

"உன் சண்டையா?" எல்லம்மாள் கையை உதறினாள். "டேய் வெங்கடேசா, போன பொதன்கெழம காலைல மொத மொளகா யாருது? என்னுதுதானே? நான்தானே நின்னு வாங்கிக்கினு போனேன்? மொளகா அரைச்சா ஒரு படி அரிசிய விட்டு ஓட்டி மிஷின கழுவணுமா வேணாமா? உங்கப்பா ஒரு நாள் கழுவாம விட்டிருப்பாரா? அன்னிக்கு நீ இன்னா பண்ண? போன காதுல வெச்சிக்கினு பைக்கு வெலை பேசிக்கினு இருந்த. அடுத்த மூட்டைய அப்படியே கொட்டின. நான் கண்ணால பார்த்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுடைய இலையை எல்லம்மாள் கவிழ்த்துவிட்டாள்.

"அப்ப என்னையும் செவ்வாக்கெழம வரச் சொல்லி எழுது," என்றாள் அவள். "எழுதுடா. எல்லம்மாளுக்கு மூணுலேர்ந்து அஞ்சுன்னு எழுது. இந்த ஊர்ல கறுப்புத் தூளு அரைக்காத வூடு எதுன்னு காட்டு, அவங்க மட்டும் மத்த நாளு வரட்டும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் நின்றது. நினைத்துக்கொண்டிருந்த ஆளே வந்த மாதிரி ஞானசுந்தரி இறங்கினாள். கையில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. கல்யாணச் சீருக்கு மறுபடி அதிரசம் சுட வேண்டும், இந்தத் தடவை யாரையும் நம்பாமல் தானே நின்று அரைத்துப் போக வந்திருந்தாள். எல்லம்மாள் பேசியதில் கடைசிப் பாதி அவள் காதில் விழுந்துவிட்டது.

"உன் தூளா அது?" என்றாள்.

எல்லம்மாள் தன் கோதுமை மூட்டையை இறக்கி மேடையில் ஏழாவதாக வைத்தாள்.

"என்னுதுதாம்மா. குத்தகைய புடுங்கறதுன்னா புடுங்கிக்கோங்க. அதுக்காக இவங்க மேல பழி விழுந்தா நான் பார்த்துக்கினு சும்மா இருக்கமாட்டேன்."

ஞானசுந்தரி அவளைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள், கடைசியில் நகுலேஸ்வரியைப் பார்த்தாள். தோற்றுப் போனவர்களுக்குப் பழமொழி சட்டென்று கிடைக்கும். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டிச்சாம். அந்தக் கதையால்ல கீது," என்றாள்.

"ஒருத்தரையும் விரட்ட வரேல்லை," என்றாள் நகுலேஸ்வரி. "விரட்டினாப் போறதுக்கு எனக்கு வேற இடமும் இல்லை. அதாலதான் இருக்கிறன்."

ஞானசுந்தரி மூட்டையை வெங்கடேசனிடம் நீட்டினாள். "டேய், இத மொதல்ல போடு. மிஷின நல்லா கழுவிட்டுப் போடு. ஈர அரிசி, நேரம் ஆனா புளிச்சிடும்."

வெங்கடேசன் பழக்க தோஷத்தில் கையை நீட்டினான். நகுலேஸ்வரி எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"உங்கட அரிசியும் புளிக்கும், என்ர அரிசியும் புளிக்கும். நான் எட்டு மணிக்கு வந்தன். உங்கட மூட்டைய அந்தக் கடைசியில வையுங்கோ."

பிடாரி என்று சொன்னதற்குப் பதிலடி கொடுத்திருக்கலாம். அழுதிருக்கலாம். விட்டுக்கொடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கலாம், முகாமிலிருந்து வந்தவர்கள் விட்டுக்கொடுத்தால் ஊர் நன்றாகவே மெச்சும். அவளுக்கு நல்ல பேர் வேண்டாம், தன் இடம் வேண்டும்.

ஞானசுந்தரி பெஞ்சைப் பார்த்தாள். தன் பக்கம் ஒரு வார்த்தை பேச யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள். வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்தவள்கூட முந்தானையால் விசிறிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அம்முலுதான் பேசினாள். "வெச்சிடுங்கம்மா. எட்டாவது மூட்டை. நாங்கெல்லாம் அப்படித்தான் வைக்கிறோம்."

வெங்கடேசன் மூலையில் கிடந்த சாக்குத் துணியை எடுத்தான். வாளியில் நனைத்தான். கதவுக்குப் போய், மூன்று வரியையும் அழித்தான். நிர்வாகத்தைக் கடைசியாக அழித்தான். திரும்பி வந்து ஒரு படி அரிசியை விட்டு மிஷினைக் கழுவி ஓட்டினான், இரண்டு தடவை. பிறகு இரண்டு கையாலும் நகுலேஸ்வரியின் மூட்டையை எடுத்து அவிழ்த்துக் கொட்டினான். மிஷின் கத்த ஆரம்பித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

மாவு வெள்ளையாக, சூடாக விழுந்தது. நகுலேஸ்வரி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. மாவுத் தூசி என்று யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை, அழுதாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அம்முலுவின் கேழ்வரகு போயிற்று. அடுத்தது போயிற்று. ஞானசுந்தரி மூட்டையைக் கடைசியில் வைத்துவிட்டு வாசலில் நின்றாள். காரில் போய் உட்காரலாம், ஆனால் மிஷினைக் கழுவுகிறானா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். அப்புறம் உள்ளே வந்தாள். பெஞ்சில் ஒரு இடம்தான் இருந்தது, எல்லம்மாளுக்கும் நகுலேஸ்வரிக்கும் நடுவில். எல்லம்மாள் நகரவில்லை. நகுலேஸ்வரி கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தாள். ஞானசுந்தரி உட்கார்ந்தாள். குத்தகையைப் பற்றி அவளும் பேசவில்லை, எல்லம்மாளும் கேட்கவில்லை. அது எப்படி முடியும் என்று அந்தப் பெஞ்சில் யாருக்கும் தெரியாது.

நகுலேஸ்வரியின் மாவு மடியிலேயே ஆறிவிட்டது. அவள் எழுந்து போகலாம். வீட்டில் பாகு காய்ச்ச வேண்டும், வெல்லம் தட்ட வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக எங்கே போனாலும் அவளிடம் காரணம் கேட்டிருக்கிறார்கள். முகாம் வாசலில் வைத்திருந்த நோட்டில் பேருக்குப் பக்கத்திலேயே காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. பஜாருக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாவுக்கு, கல்யாணத்துக்கு என்று அதில் ஏதாவது எழுதாமல் அவள் ஒரு அடி வைத்ததில்லை. இங்கேயும் மேடையில் மூட்டை இல்லாமல் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது மேடையில் அவள் மூட்டை இல்லை.

ஞானசுந்தரி பக்கவாட்டில் திரும்பினாள். "உன்னுது அரைச்சி முடிச்சாச்சில்ல? இன்னும் இன்னாத்துக்கு குந்திகினு கீற?"

நகுலேஸ்வரி மாவு மூட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"சும்மாதான்," என்றாள்.